விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு மெதுவாக ஓடுகிறது. ஸ்நாப்ஷாட் கோப்புகளை அழித்துவிடலாமா?

8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 11 மேசைக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே இயக்கும் நிரல்) வழியாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை இயக்குவதாகவும், அது மிக மெதுவாக ஓடிச் சில வேளைகளில் பாதியிலேயே நின்றுவிடுவதாகவும், சி டிரைவ் நிரம்பிவிட்டதால் ஸ்நாப்ஷாட் ஃபோல்டரில் இருக்கும் பெரிய கோப்புகளை அழிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றைப் பிறகும் சரிசெய்துகொள்ளலாம், இதில் தவறினால் மீட்பது மிகக் கடினம்: அந்தக் கோப்புகளை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் வழியாக எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

பின்னர் திரும்பிச் செல்வதற்காக ஒரு நாளின் நிலையைக் குறித்து வைப்பதே ஸ்நாப்ஷாட். அதைக் கேட்டதும், அந்த நாளில் இருந்த வட்டின் நகல் ஒன்று தனியாக எடுத்து வைக்கப்படுகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஸ்நாப்ஷாட் எடுத்த நொடியில் உங்கள் மூல விடிஐ கோப்பு (உபுண்டுவுக்கு வட்டாகச் செயல்படும் கோப்பு) அப்படியே உறைந்துவிடுகிறது. அதன் பின் உபுண்டுவில் நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும், புதிதாகத் தோன்றும் இன்னொரு கோப்பில்தான் போய்ச் சேருகிறது. ஆகவே ஸ்நாப்ஷாட் ஃபோல்டரில் நீளமான எண்ணெழுத்துப் பெயருடன் கிடக்கும் அந்தக் கோப்பில் இருப்பது பழைய நகலன்று, ஸ்நாப்ஷாட்டுக்குப் பிறகு நீங்கள் செய்த வேலை. ஒவ்வொரு கோப்பும் தனக்கு முந்தைய கோப்பின் அடையாள எண்ணைத் தன்னுள் குறித்து வைத்திருப்பதால், நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் அதற்கு மேலே உள்ள எதையும் திறக்க முடியாது.

இதை நான் இழந்துதான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல் வட்டு நிரம்பியபோது, ‘இது பழையதுதானே’ என்று இருபது ஜிபிக்கும் மேற்பட்ட ஒரு கோப்பை ஷிஃப்ட் டெலீட் கொடுத்து அழித்தேன். மறுமுறை இயக்கியபோது மெஷினின், அதாவது அந்த மெய்நிகர் கணினியின், பெயருக்குக் கீழே ‘இன்னாக்ஸஸிபிள்’ (அணுக முடியவில்லை) என்று மட்டும் வந்தது. மூல விடிஐ கோப்பு பழுதின்றி இருந்தது. ஆனால் அது மூன்று வாரங்களுக்கு முந்தைய நிலையில் இருந்தது. அந்த மூன்று வார வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். நீங்கள் அழிக்கும் முன்பே கேட்டது எனக்கு மிகுந்த நிம்மதியைத் தருகிறது.

சரியான வழி இது. உபுண்டுவை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். ‘சேவ் ஸ்டேட்’ கொடுத்து மூடினால் போதாது. மெஷினின் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்நாப்ஷாட் பகுதிக்குள் சென்று, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக டெலீட் கொடுங்கள். டெலீட் என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம்: அந்த நாளுக்குத் திரும்பிச் செல்லும் வழி மட்டுமே நீங்கும், தற்போதைய நிலை அப்படியே இருக்கும், பிரிந்து கிடக்கும் கோப்புகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும். இந்த இணைப்பு நடக்கும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படும் என்பதால், முதலில் சி டிரைவில் வேறு எதையாவது நீக்கிச் சில ஜிபியாவது காலியாக்கிக்கொள்ளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மணிக்கணக்கில்கூட ஆகலாம். இடையில் கணினியை அணைத்துவிடாதீர்கள்.

இடையிலேயே நின்றுவிடுவதற்கும் பெரும்பாலும் இந்த வட்டு நிரம்பியதே காரணம். சி டிரைவில் இடம் தீர்ந்ததும் விர்ச்சுவல்பாக்ஸ் மெஷினை இடைநிறுத்திவிடும். இடம் ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு மீண்டும் தொடரச் செய்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். தேவைக்கேற்ப வளரும் வகை விடிஐ கோப்பு தானாக வளருமேயன்றித் தானாகச் சுருங்காது என்பதையும் கவனியுங்கள். உபுண்டுவுக்குள் 10 ஜிபியை அழித்தாலும் விண்டோஸுக்கு அந்த இடம் திரும்பி வராது. உபுண்டுவுக்குள் உள்ள காலி இடத்தைப் பூஜ்ஜியங்களால் நிரப்பி, பிறகு விர்ச்சுவல்பாக்ஸின் ‘காம்பாக்ட்’ கட்டளையைக் கொடுத்தால்தான் கோப்பின் அளவு குறையும்.

இனி வேகம். உபுண்டு ஓடும்போது அந்த விண்டோவின் கீழ் வலது மூலையில் உள்ள சின்னங்களைப் பாருங்கள். அங்கே பச்சை நிற ஆமை தெரிந்தால் காரணம் உபுண்டுவில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது. ஒரு கணினிக்குள் இன்னொன்றை இயக்க உதவும் மெய்நிகராக்க வசதியைப் பிராசஸரிலேயே இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் கொண்டுவந்தன. விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க நிரலான ஹைப்பர்-வி அந்த வசதியை முதலில் தன் கையில் எடுத்துக்கொண்டால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேலேறித்தான் ஓட வேண்டியிருக்கும். 6.0 பதிப்பிலிருந்து அப்படி ஓட முடிகிறது என்றாலும், வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றின் தேர்வை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். அப்போதும் ஆமை நிற்குமானால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனின் கீழ் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி இயங்கிக்கொண்டிருக்கலாம். அது தீய நிரல்களிலிருந்து கணினியைக் காக்கும் ஓர் அரண் என்பதால், யோசித்தே அதை நிறுத்துங்கள். டாக்கரையோ லினக்ஸுக்கான விண்டோஸ் துணை அமைப்பின் இரண்டாம் பதிப்பையோ பயன்படுத்துபவராக இருந்தால் இவற்றை நீக்காதீர்கள், அவை ஓடாமல் போகும்.

ஆமையே இல்லாமல், மெஷின் தொடங்கும்போதே விடி-எக்ஸ் (இன்டெலின் அந்த மெய்நிகராக்க வசதி) இல்லை என்று பிழைச்செய்தி வந்தால், விண்டோஸ் தொடங்கும் முன் இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பயாஸில் கை வைக்கும் முன் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு மாறியதும் சில கணினிகள் அதைக் கேட்கும்.

ரேமைப் பொறுத்தவரை, 8 ஜிபியில் 3 அல்லது 4 ஜிபிக்கு மேல் உபுண்டுவுக்குக் கொடுக்காதீர்கள். அதிகம் கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத்திணறி இரண்டுமே மெதுவாகும். பிராசஸர் கோர்களில் பாதி போதும். கெஸ்ட் அடிஷன்ஸ் (உபுண்டுவுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்கள்) நிறுவப்படாமல் இருந்தால் நிறுவிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகம் வராவிட்டால், மெஷினின் ஃபோல்டரில் உள்ள ‘லாக்ஸ்’ பகுதியைத் திறந்து ‘ஸ்னெயில்’, அதாவது நத்தை, என்ற சொல்லைத் தேடுங்கள். ஹைப்பர்-வி இன்னும் விலகவில்லை என்றால் அந்தச் சொல்லோடு ஒரு வரி அங்கே இருக்கும். அதையும் அதற்கு முன்பின் உள்ள பத்து வரிகளையும் இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.