உடைந்த இம்ப்ளான்ட்: எடுக்கும் செலவு வேறு, மாற்றும் செலவு வேறு

கேள்வி: எனக்கு 43 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 2013-ல் மார்பக அளவைக் கூட்டிக்கொள்வதற்காக இரண்டு பக்கமும் சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். நோய் எதுவும் இல்லை, முழுக்க என் விருப்பத்தில் செய்தது. மூன்று மாதமாக இடப்பக்கம் வலிக்கிறது, வடிவமும் மாறியிருக்கிறது. அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டு "உடைந்திருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு காஸ்மெட்டிக் கிளினிக்கில் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிது வைக்க 2.80 லட்சம் ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். 2019 முதல் 10 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி விடாமல் கட்டிவருகிறேன். பாலிசி எடுத்தபோது பழைய ஆபரேஷனைப் பற்றி எழுதவில்லை, "இதெல்லாம் எதுக்குங்க" என்று ஏஜென்ட் அண்ணா விட்டுவிட்டார். இப்போது அவரே, "காஸ்மெட்டிக்னா காசு வராதுங்க, மார்புக் கட்டின்னு போட்டு வாங்கிக்கலாம்" என்கிறார். மகளின் கல்லூரிச் செலவுக்கு வைத்திருக்கும் 4 லட்சம் ரூபாய் எஃப்.டி. ஒன்றுதான் கையிருப்பு. கிளினிக்கில் வட்டியில்லா இ.எம்.ஐ. தருகிறார்களாம். இதை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாமா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: இரண்டு வருஷம் தள்ளிப்போட வேண்டாம். அதற்காக நாளைக்கே கிளினிக்கில் அட்வான்ஸ் கட்டவும் வேண்டாம். எம்.ஆர்.ஐ.யை மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தச் செலவை எப்படிப் பிரிப்பது என்று சொல்ல உடைப்பின் தன்மை கொஞ்சம் தெரிய வேண்டும்.

உப்புநீர் நிரப்பிய இம்ப்ளான்ட் கிழிந்தால் சில நாளில் வற்றிவிடும், கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். அந்த நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கோன் ஜெல் அப்படியில்லை. இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடலே ஒரு தழும்புச் சவ்வை உருவாக்கி வைத்திருக்கும். உறை கிழிந்தாலும் ஜெல் அந்தச் சவ்வுக்குள்ளேயே தங்கிவிடலாம், வலிகூட இல்லாமல். அதனால்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள்கூட சிலிக்கோன் வைத்த 5-6 ஆண்டில் முதல் ஸ்கேன், அப்புறம் 2-3 ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறது. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வரும் பொருள் அல்ல என்பதும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்வதுதான். உங்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அறிகுறியும் வந்துவிட்டது. சவ்வையும் தாண்டி ஜெல் கசிந்தால் பக்கத்துத் திசுவிலும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளிலும் போய்ச் சேரலாம். அப்போது ஆபரேஷனும் பெரிதாகும், பில்லும் பெரிதாகும். தள்ளிப்போடுவதில் மிச்சம் எதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். 2013-ல் உங்களுக்கு ஒரு சின்ன அட்டை கொடுத்திருப்பார்கள். நிறுவனத்தின் பெயர், மாடல், சீரியல் நம்பர், எத்தனை சி.சி., இடதா வலதா என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைத் தேடி எடுங்கள். அலெர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை, அதாவது மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் இம்ப்ளான்ட்கள், 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டன. சுற்றியுள்ள சவ்வில் வரும் லிம்ஃபோமா என்ற ஓர் அரிய வகைப் புற்றுநோயோடு அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. அறிகுறி இல்லாதவர்கள் பயந்துபோய் எடுக்கத் தேவையில்லை என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஆனால் உங்களுடையது அந்த வகை என்றால் சர்ஜனுக்கு அது முதல் நாளே தெரிய வேண்டும். எடுத்த சவ்வை பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லவும் வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் பழைய கிளினிக்கில் எழுத்தில் கேளுங்கள். டாக்டர்கள் மூன்று ஆண்டு வரைதான் ரெக்கார்டு வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள், அதனால் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சரி, பணத்துக்கு வருவோம். அந்த பேக்கேஜில் எனக்குப் பிடிக்காத ஒன்று, எடுப்பதையும் புதிது வைப்பதையும் ஒரே தொகையாகப் போட்டிருப்பது. இது இரண்டு வேலை. ஒன்று வைத்தியம், மற்றது உங்கள் விருப்பம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரான்ஸில் பி.ஐ.பி. என்ற நிறுவனம் மருத்துவத் தரம் இல்லாத, தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானது. உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பெண்கள் அதை வைத்திருந்தார்கள். நிறுவனர் ழான் குளோத் மாஸுக்கு 2013-ல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது பிரெஞ்சு அரசு காப்பீடு என்ன செய்தது தெரியுமா? எல்லாருக்கும் எடுக்கும் செலவை ஏற்றுக்கொண்டது. புதிது வைக்கும் செலவை, புற்றுநோய் போன்ற நோயால் வைத்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. நம் ஊர் இன்ஷூரன்ஸோடு பேசும்போதும் இந்தக் கோட்டில் நின்றுதான் பேச வேண்டும்.

கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ இரண்டு எஸ்டிமேட் தனித்தனியாகக் கேளுங்கள். கணக்குக்காக, எடுக்க 1.50 லட்சம், புதிது வைக்க 1.30 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். காஸ்மெட்டிக் சர்ஜரிக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, வைத்தியத்துக்குக் கிடையாது. மொத்தத்தையும் காஸ்மெட்டிக் என்று போட்டால் வரி மட்டும் 50,400 ரூபாய். உடைந்ததை எடுப்பது வைத்தியம் என்று பிரித்துப் பில் போட்டால் 1.30 லட்சத்துக்கு மட்டும் 23,400. மிச்சம் 27,000 ரூபாய். பேக்கேஜாகப் போட்டுவிட்டால் இந்த வாதத்துக்கே இடமில்லாமல் போகும். அவர்களுடைய ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள், கேட்டால்தான் செய்வார்கள்.

இப்போது பாலிசி. "காஸ்மெட்டிக்னா காசு வராது" என்பது பாதிதான் உண்மை. எல்லா ஹெல்த் பாலிசியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விலக்குகளில் எட்டாவது இது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியில் 08 என்ற எண்ணோடு இருக்கும். தோற்றத்தை மாற்றச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று தொடங்கும். ஆனால் அதே வாக்கியத்தில் விதிவிலக்கும் இருக்கிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்பு, அல்லது உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவரீதியாகத் தேவைப்படும் சிகிச்சை. சிகிச்சை அளிக்கும் டாக்டர் அந்தத் தேவையைச் சான்றளிக்க வேண்டும். (புற்றுநோய்க்காக மார்பகம் எடுத்து இம்ப்ளான்ட் வைத்த வாசகிகளின் நிலை உங்களைவிட வலுவானது, அவர்கள் இந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் க்ளெய்ம் நிற்பதும் விழுவதும் அந்தச் சான்றிதழில்தான். "இம்ப்ளான்ட் அகற்றம்" என்று ஒற்றை வரி எழுதினால் கம்பெனிக்காக க்ளெய்மைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. நிறுவனத்தார் ஐந்து நிமிஷத்தில் மறுத்துவிடுவார்கள். எம்.ஆர்.ஐ.யில் என்ன தெரிந்தது, ஜெல் சவ்வுக்குள் இருக்கிறதா தாண்டிவிட்டதா, வலி எத்தனை நாள், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சர்ஜன் எழுத வேண்டும். ரிப்போர்ட்டில் இடம், வலம் இரண்டைப் பற்றியும் தனித்தனியாக இருக்கட்டும். வலப்பக்கம் உடையவில்லை என்று வந்தால் அதை எடுக்கும் செலவைக் கம்பெனி மறுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்கே அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அதனால் எல்லாம் நன்றாக நடந்தாலும் பாதிப் பணம்தான் வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

"மார்புக் கட்டி" யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். இதில் ஏஜென்ட் அண்ணாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கையெழுத்து உங்களுடையது. பழைய ஆபரேஷனை மறைத்தது தப்புதான், ஆனால் அதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி நிரூபணமானால் ஒழிய, "முன்பே சொல்லவில்லை" என்ற காரணத்துக்காக க்ளெய்மை மறுக்க முடியாது. நீங்கள் 2019-லிருந்து கட்டுகிறீர்கள், அந்தக் கெடு தாண்டிவிட்டது. நடுவில் தொகையைக் கூட்டியிருந்தால் கூட்டிய பகுதிக்கு மட்டும் கணக்கு அன்றிலிருந்து. இவ்வளவு பாதுகாப்பு கையில் இருக்கும்போது பொய்யான பெயரில் க்ளெய்ம் போட்டால், அதுவே மோசடியாகி பாலிசியும் போகும். வீட்டில் மற்றவர்களுக்கும் அதே பாலிசிதானே. க்ளெய்ம் ஃபாரத்தில் 2013-ல் நடந்ததை உள்ளபடி எழுதிவிடுங்கள்.

இடத்தையும் பாருங்கள். காஸ்மெட்டிக் கிளினிக் பாலிசியின் பார்வையில் ஆஸ்பத்திரியாகவே இல்லாமல் போகலாம். முறையாக ஆஸ்பத்திரி என்று பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது கோவை மாதிரி ஊரில் குறைந்தது 15 படுக்கை, இருபத்துநான்கு மணி நேர நர்ஸ், சொந்த ஆபரேஷன் தியேட்டர் என்று சில நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் உள்ள, பிளாஸ்டிக் சர்ஜரியோடு மற்றப் பிரிவுகளும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. கணவரின் ஆபீஸில் குரூப் பாலிசி இருந்தால் அதையும் கேட்டு வையுங்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு மட்டும் அட்மிட் ஆனால் பணம் வராது, பரிசோதனைக்கான அட்மிஷன் தனி விலக்கு. வெளியே எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஆபரேஷன் க்ளெய்ம் ஏற்கப்பட்டால், அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவில் அதுவும் சேரும். எத்தனை நாள் என்பது உங்கள் பாலிசியில் இருக்கும். ஸ்கேன் எடுத்துவிட்டு மூன்று மாதம் யோசித்தால் அந்தக் காசு கைவிட்டுப் போகும்.

அட்மிஷனுக்கு முன்பே கேஷ்லெஸ் அனுமதி கேளுங்கள். மறுத்தால் எந்த விலக்கின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், பிறகு நீங்களே பில்லைக் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்டில், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்டு, போடலாம். அதையும் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ சென்னையில் உள்ள, புகாரை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, ஓராண்டுக்குள் போக வேண்டும்.

அட்டை கிடைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. பல நிறுவனங்கள் உடைப்புக்கு வாரண்டி தருகின்றன, பெரும்பாலும் பணமாக இல்லை, மாற்று இம்ப்ளான்ட்டாக. உடைந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். ஆகவே எடுத்ததைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம் என்று சர்ஜனிடம் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் கேட்டால் இருக்காது.

புதிது வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஒரே மயக்க மருந்தில் இரண்டும் முடிந்தால் மொத்தச் செலவு குறையும் என்று கிளினிக் சொல்வதும் உண்மைதான். நான் சொல்வது, அதை ஒருமுறைச் செலவாகப் பார்க்காதீர்கள் என்பது. புதியதும் ஒருநாள் மாற்ற வேண்டியதுதான். மருத்துவச் செலவு ஆண்டுக்கு 10% ஏறினால் இன்றைய 2.80 லட்சம் 14 ஆண்டில் சுமார் 10.6 லட்சம். அப்போது உங்களுக்கு 57 வயது, ஓய்வை நெருங்கியிருப்பீர்கள். 8% வருமானம் வரும் என்று வைத்தால் இன்றிலிருந்து மாதம் சுமார் 3,450 ரூபாய் இதற்கென்று ஒதுக்க வேண்டும். இடையில் எடுக்கும் ஸ்கேன் செலவு தனி. ஒதுக்க முடிகிறது, மனதுக்கும் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். முடியவில்லையென்றால் எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது பற்றி சர்ஜனிடம் பேசுங்கள். எடுத்த பின் தோற்றம் எப்படி இருக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வட்டியில்லா இ.எம்.ஐ.யில் ப்ராசஸிங் ஃபீஸ் இருக்கும், ரொக்கமாகத் தந்தால் கிடைக்கும் தள்ளுபடியும் போகும். கிரெடிட் கார்டு வழியாக என்றால் ஒரு தவணை தவறினாலே மாதம் 3 சதவிகிதத்துக்கு மேல் வட்டி ஓடும். எஃப்.டி.யையும் உடைக்க வேண்டாம். அதே வங்கியில் எஃப்.டி. மீது ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை ஈடாக வைத்துத் தரும் கடன், கேளுங்கள். பொதுவாக 90% வரை தருவார்கள், எஃப்.டி. வட்டியைவிட ஒன்று இரண்டு சதவிகிதம் கூடுதலாக இருக்கும். எடுக்கும் செலவு 1.50 லட்சத்தை மட்டும் அதில் எடுங்கள். 8.5% என்றாலும் ஆறு மாதத்துக்கு வட்டி 6,400 ரூபாய்க்குள். க்ளெய்ம் பணம் வந்த அன்றே அதில் கட்டிவிடுங்கள். வராவிட்டால் சம்பளத்திலிருந்து மாதம் 12,500 கட்டினால் ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட முடிந்துவிடும். மகளின் முதல் கட்டணத் தேதி எது என்று எழுதவில்லை. அது ஆறு மாதத்துக்குள் என்றால் அந்தத் தவணைக்கான தொகையை இப்போதே தனி எஃப்.டி.யாகப் பிரித்துவிட்டு, மீதியின் மேல் மட்டும் ஓவர்டிராஃப்ட் வாங்குங்கள்.