எட்ட நின்று பார்த்த யானைகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், தாய்லாந்தின் சியாங் மாய் பக்கம் மீட்கப்பட்ட யானைகளோடு ஒரு நாள் இருந்துவிட்டு வந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை யானை மட்டும்தான்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு சியாங் மாய் போகிறோம். ஒரு நாள் டூர் தேடினால் எல்லா இடமும் 'யானைச் சரணாலயம்' என்றே இருக்கிறது. எதை நம்புவது அக்கா?
*— வாசகி, கோவை*

முதலில், பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் அம்மா. சரணாலயம் என்று பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சவாரி விட்டுக்கொண்டிருந்த முகாம்களில் சில, வெளிநாட்டுப் பயணிகள் முகம் சுளிக்க ஆரம்பித்ததும் முதுகிலிருந்த இருக்கையை இறக்கிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டன.

அவர்கள் தரும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். ஒன்பதுக்கு உணவு கொடுத்தல், பத்தரைக்குச் சேற்றுக் குளியல், பதினொன்றரைக்கு ஆற்றுக் குளியல், அப்புறம் போட்டோ என்று மணி வாரியாகப் போட்டிருந்தால், மதியம் அடுத்த வேன் வந்ததும் அதே யானை அதே சேற்றில் மறுபடி இறங்கியாக வேண்டும் என்று அர்த்தம். ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: யானைக்கு அன்றைக்கு மனமில்லை என்றால் என்ன செய்வீர்கள்? 'ஒன்றும் செய்ய மாட்டோம், நீங்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்' என்று பதில் வந்தால் தைரியமாகப் பணம் கட்டலாம். குட்டிகளைக் காட்டி விளம்பரம் செய்தால், அவை எங்கிருந்து வந்தன, தாய் கூட இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரவில் யானைகள் எங்கே நிற்கும் என்பதையும் விடாமல் கேளுங்கள், ஏனென்றால் நாம் பார்ப்பது பகல் நேரத்தை மட்டும்தான்.

நான் போனது எலிஃபண்ட் நேச்சர் பார்க். நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், மே தேங் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையில் இருக்கிறது. லெக் சைலெர்ட் என்ற பெண்மணி தொடங்கியது. 'லெக்' என்றால் தாய்லாந்து மொழியில் சிறியது என்று பொருள், ஆளும் நிஜமாகவே சிறிய உருவம். காலையில் வேன் விடுதிக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறது. நடுவில் வழிகாட்டியோடு நடக்கிறோம், நிற்கிறோம், பார்க்கிறோம். அங்கே வேறு நிகழ்ச்சி கிடையாது. முதல் அரை மணி நேரம் 'இவ்வளவுதானா' என்று எனக்கே தோன்றியது. அப்புறம் ஒரு கிழவி யானை வயலோரமாக நடந்து வந்து, கூட்டத்தை ஏறிட்டும் பார்க்காமல் ஒரு கட்டைமேல் முதுகைத் தேய்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றது. நாங்கள் இருபது பேர் அங்கே இருந்ததே அதற்குக் கணக்கில் இல்லை. அதுவரை நான் பார்த்த ஒவ்வொரு யானையும் மனிதர்களுக்காக ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்த யானை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

அங்கே மட்டும் ஏன் இத்தனை யானைகளை மீட்க வேண்டியிருக்கிறது? காட்டிலேயே விட்டுவிடலாமே?
*— வாசகர், மதுரை*

நல்ல கேள்வி, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தாய்லாந்தில் யானைகள் தலைமுறை தலைமுறையாகத் தேக்கு இழுத்தன. 1988 நவம்பரில் அந்த நாட்டின் தென்பகுதியில் பெருவெள்ளம் வந்தது. மொட்டையடிக்கப்பட்ட மலைகளிலிருந்து மண்ணும் வெட்டிப்போட்ட மரங்களும் சேர்ந்து சரிந்து ஊர்களை மூடின, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்கடுத்த ஜனவரியில், 1989-இல், இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு தடைசெய்தது. காட்டுக்கு அது நல்ல முடிவு. ஆனால் ஆயிரக்கணக்கான யானைகளுக்கும் அவற்றை நம்பியிருந்த பாகன் குடும்பங்களுக்கும் வேலை போய்விட்டது.

ஒரு யானை ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும். வருமானமே இல்லாதவன் எங்கே போவான்? சிலர் பாங்காக் தெருக்களில் யானையோடு நின்று வாழைப்பழம் விற்றார்கள். சிலர் எல்லை தாண்டி மியான்மர் பக்கம் மர வேலைக்கே கொண்டுபோனார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்தது சுற்றுலா: சவாரி, ஓவியம், கால்பந்து. இதில் இன்னொரு கொடுமை, காட்டு யானைக்கு அங்கே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, வளர்ப்பு யானையோ 1939-ஆம் ஆண்டின் சுமை விலங்குகள் சட்டத்தில் மாடு, குதிரை, கழுதையோடு ஒன்றாக வருகிறது. விற்கலாம், வாங்கலாம்.

காட்டில் விடுவது சுலபமில்லை. மனித வாடைக்குப் பழகிய யானை தோட்டம் தேடி ஊருக்குள் வரும், அப்புறம் இரண்டு பக்கமும் உயிர் போகும். அங்கே நான் பார்த்ததில் பாதி முதுமையிலோ ஊனத்திலோ இருந்தவை. ஜோக்கியா என்ற யானையின் கதையை வழிகாட்டி சொன்னார். மரம் இழுக்கும்போதே குட்டி ஈன்று, அது சரிவில் உருண்டு செத்துப்போக, அதற்குப் பிறகு வேலை செய்யாமல் நின்றுவிட்டதாம். மறுத்ததற்குத் தண்டனையாக இரண்டு கண்களும் போக்கப்பட்டன. 1999-இல் அதை மீட்டு வந்தபோது மே பெர்ம் என்ற மற்றொரு யானை தானாகவே பக்கத்தில் வந்து நின்று, தான் 2016-இல் சாகும்வரை அதற்குக் கண்ணாக இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் வரிசையில் ஒருவர்கூடப் பேசவில்லை.

நம் ஊர் கோயில் யானை மேல் குழந்தையை உட்கார வைத்து இறக்கியிருக்கிறோம். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரண்டு பேர் ஏறினால் என்ன ஆகிவிடும்?
*— வாசகர், தஞ்சாவூர்*

யானையின் முதுகெலும்பைப் படத்தில் பாருங்கள். குதிரை முதுகு போல இருக்காது. நடு முதுகில் எலும்பு முனைகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றின் மேல் தோலும் கொஞ்சம் தசையும்தான். மரம் இழுக்கும்போது பாரம் பின்னால் தரையில் வரும். இருக்கை கட்டி இரண்டு மூன்று பேர் ஏறினால் மொத்தப் பாரமும் அந்த முனைகளில் இறங்கும், அதுவும் நாள் முழுக்க. ஓய்வுபெற்ற சவாரி யானைகள் சிலவற்றின் முதுகு நடுவில் அமுங்கிப்போயிருப்பதைப் பார்த்தேன். கயிறு அறுத்த தழும்பும் இருந்தது.

முதுகுகூட இரண்டாவதுதான். மனிதன் மேலே ஏற ஒரு யானை எப்படிச் சம்மதிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தாய்லாந்தில் அப்படிப் பழக்கும் முறைக்கு 'பஜான்' என்று பெயர். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, அசைய முடியாத மரக் கூண்டில் கட்டிப்போட்டு, பசியாலும் தூக்கமின்மையாலும் அடியாலும் அதன் மனத்தை உடைப்பது. நம்மிடமும் கரால் என்ற மரக்கூண்டு உண்டு. எல்லாக் குட்டியையும் எல்லாரும் அப்படித்தான் பழக்குகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அன்பாகப் பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதுகில் ஏறப் பணம் கொடுக்கும் நமக்கு, எது எப்படிப் பழக்கப்பட்டது என்று தெரிய வழியே இல்லை.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் யானை தும்பிக்கையைத் தலையில் வைக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அது எப்போதும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நிற்கும், ஆடுகிறது என்று நாங்களும் சேர்ந்து ஆடுவோம். ஒரே இடத்தில் கட்டிப்போட்ட யானையின் மன உளைச்சல் அது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது. இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தால் நெஞ்சு வலிக்கிறது.

சவாரி வேண்டாம், சரி. குளிப்பாட்டுவதில் என்ன தப்பு அக்கா? நண்பர்கள் எல்லாரும் போட்டோ போடுகிறார்கள்.
*— கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

தம்பி, யானைக்குத் தன் குளியலைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியும். குளித்து முடித்த உடனே மேலெல்லாம் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். வெயிலுக்கும் பூச்சிக்கும் அதுதான் அதற்குப் பாதுகாப்பு, நாம் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அதைக் கழுவி விடுகிறோம். ஒரே நாளில் மூன்று கூட்டம் வந்து முதுகிலும் காதிலும் தண்ணீர் ஊற்றினால் சும்மா நிற்கிற யானை, அப்படி நிற்க என்னென்ன பட்டிருக்கும்?

ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரியில் தாய்லாந்தின் கோ யாவ் தீவில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார். உன் வயதுப் பெண். நான் போன இடத்தில் பயணிகள் குளிப்பாட்டுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கரையில் நின்று பார்த்தோம், இரண்டு யானைகள் தண்ணீரில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து புரண்டன. போட்டோ எடு, தாராளமாக எடு, ஆனால் நீ அதில் இருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, சைவம். அழைத்துப்போகலாமா?
*— வாசகி, சேலம்*

தாராளமாக. நான் போன இடத்தில் மதியச் சாப்பாடு முழுக்கச் சைவம்தான், வகை வகையாக வைத்திருந்தார்கள். உயரமான மேடையில் உட்கார்ந்தே நிறையப் பார்க்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை குளுமையாக இருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயலும் காடும் எரிக்கிற புகை அந்த ஊரையே மூடும், அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் அப்போது வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் கிளம்பும் முன் ஆற்று நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் அந்த ஆறு பொங்கியபோது நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளை மேட்டுக்கு ஓட்டியும் இரண்டு யானைகளைக் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது.

நாங்கள் போன சரணாலயத்தில் ஒரு கொம்பன் யானைக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். ஏமாந்துவிட்டோமா?
*— வாசகர், திருச்சி*

சங்கிலியைப் பார்த்ததுமே அப்படி முடிவு கட்ட வேண்டாம். மதம் பிடித்த ஆண் யானையாக இருந்தால், கன்னத்தில் நீர் வழிந்த தடம் இருக்கும், அந்தச் சமயத்தில் பாகனுக்கே பாதுகாப்பு கிடையாது. நல்ல இடங்களில் அதற்கென்று உறுதியான தனி அடைப்பு கட்டியிருப்பார்கள், ஆனால் அதற்குப் பெரிய செலவாகும், எல்லாராலும் முடிவதில்லை. எத்தனை நாள், எவ்வளவு நீளம், காலில் புண் இருக்கிறதா என்று பாருங்கள், கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பாகனையும் வில்லனாக்க வேண்டாம் ஐயா. 2020-இல் கொரோனா வந்து பயணிகள் அடியோடு நின்றதும், சியாங் மாய் முகாம்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைக் கரேன் இனத்துப் பாகன்கள் மலைப் பாதையில் நடத்தியே தங்கள் கிராமங்களுக்குக் கூட்டிப்போனார்கள். தங்களுக்கே சாப்பாடு நிச்சயமில்லாத நேரம் அது.

வெளிநாடு போக வசதியில்லை. நம் ஊரில் இப்படிப் பார்க்க முடியுமா?
*— வாசகி, ஈரோடு*

முதுமலைக்குப் போங்கள், தெப்பக்காடு முகாம் உங்களுக்குப் பக்கம்தான். மோயாறு ஓரத்தில் நூறு வருடப் பழமையான இடம். உணவு கொடுக்கும் நேரத்துக்குப் போனால் ராகி, கொள்ளு, அரிசி எல்லாம் சேர்த்து வேகவைத்து உருட்டிய கவளத்தைப் பாகன்கள் வாயில் ஊட்டுவதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். தாயைப் பிரிந்த குட்டிகளைப் பாகன் பொம்மனும் அவர் மனைவி பெள்ளியும் வளர்த்த இடம் அதுதான். 2023-இல் பெள்ளிக்குக் காவடி வேலையை, அதாவது பாகனுக்கு உதவியாளர் வேலையை, அரசே கொடுத்தது, தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர். சங்கிலியும் அங்கே உண்டு, கும்கிகளும் உண்டு, அதைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள், பாகன்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். மிதிவெடியில் கால் போன யானைக்குச் செயற்கைக் கால் வைத்தார்கள் என்பது உண்மையா என்று கேட்கச் சொன்னாள்.
*— வாசகர், திருநெல்வேலி*

உண்மைதான் என்று சொல்லுங்கள். சியாங் மாயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் லம்பாங் என்ற ஊர், அங்கே 1993-இல் யானைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். எல்லைப் பக்கம் மர வேலைக்குப் போன மோத்தலா என்ற யானை 1999-இல் மிதிவெடியில் காலை இழந்தது, பத்து வருடம் கழித்து அதற்குச் செயற்கைக் கால் கிடைத்தது. மோஷா என்ற குட்டிக்கு 2006-இல் அதே கதி, அப்போது அதற்கு ஏழே மாதம். மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்துகொண்டிருந்த தெர்ட்சாய் என்ற எலும்பு மருத்துவர் இதற்கும் ஒன்று செய்து கொடுத்தார். ஆனால் குட்டி வளருமே! எடை ஏற ஏறக் கால் பத்தாமல் போகும், மறுபடி அளவெடுத்து வேறு கால் செய்ய வேண்டும். 2016-இல் மோஷா போட்டிருந்தது ஒன்பதாவது கால்.