தவணை தவறவில்லை, கடனும் குறையவில்லை

வணக்கம் சார்,

கடன் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன். என்னிடம் இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், போன் வாங்கிய தவணை ஒன்று இருக்கின்றன. இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கார்டுகளுக்கு மினிமம் தொகையைத் தேதிக்கு முன்பே கட்டிவிடுகிறேன். ஆனாலும் இரண்டு வருடமாகப் பாக்கி அப்படியே நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றித் தருகிறோம், மாதத் தவணை பாதியாகிவிடும் என்று ஒரு அழைப்பு வந்தது. எடுக்கலாமா? கொஞ்சம் டெபாசிட் இருக்கிறது, அதைத் தொட மனசில்லை. கார்டுகளை வெட்டிப் போட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. மனைவிக்கு இதெல்லாம் முழுதாகத் தெரியாது.

பி.கு.: நண்பர் ஒருவர் தன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். போடலாமா?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. மினிமம் தொகை கட்டினால் அபராதம் விழாது, பெயர் கெடாது, வசூல்காரர் அழைக்கமாட்டார். அவ்வளவுதான். கடன் எப்போது தீரும் என்பதற்கும் அந்தத் தொகைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கார்டில் 1,00,000 பாக்கி, மாத வட்டி 3 சதவீதம் என்று வையுங்கள் (மாதம் மூன்று என்றால் சின்னதாகத் தெரியும், வருடத்துக்கு அது 36 சதவீதம், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 42ஐத் தாண்டும்). மினிமம் என்பது வட்டியும் சேர்ந்த பாக்கியில் 5 சதவீதம். முதல் மாதம் வட்டி 3,000 ஏறுகிறது, நீங்கள் 5,150 கட்டுகிறீர்கள், அசலில் குறைவது 2,150 மட்டும். அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைந்ததால் மினிமமும் கொஞ்சம் குறைகிறது, அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். இப்படியே போனால் பாக்கி பாதியாவதற்கே 32 மாதம் பிடிக்கும். அதற்குள் கையைவிட்டுப் போன பணம் ஏறக்குறைய 1,20,000. வாங்கிய கடனைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் 50,000 பாக்கி நிற்கிறது.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஸ்டேட்மென்டில் மினிமம் எவ்வளவு குறைந்தாலும் கண்டுகொள்ளாமல், முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐ மாதாமாதம் கட்டுங்கள். 30 மாதத்தில் கடன் மொத்தமும் முடிந்துவிடும். வட்டி அதேதான், சம்பளம் கூடவில்லை, முதல் மாதம் கட்டியதைவிட ஒரு பைசா அதிகமாகக் கட்டவும் இல்லை. மினிமம் குறையும்போது அதன் பின்னாலேயே நாமும் குறைந்துகொண்டு போவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. அது நம் பலவீனம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நீல் ஸ்டீவர்ட் என்ற உளவியலாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே பில்லைச் சிலருக்கு மினிமம் தொகையோடும் மற்றவர்களுக்கு அது இல்லாமலும் காட்டி எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார். முழுதாகக் கட்டமுடியாதவர்களில், மினிமத்தைப் பார்த்தவர்கள் கணிசமாகக் குறைவாகவே கட்டுவதாகச் சொன்னார்கள். அந்த எண் கண்ணில் பட்டாலே கை அதை நோக்கி இறங்குகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். பாக்கி இருக்கும் அதே கார்டில் இன்னும் பொருள் வாங்குகிறீர்களா? இரண்டு வருடமாகப் பாக்கி அசையவில்லை என்றால் பெரும்பாலும் வாங்குகிறீர்கள். பொருள் வாங்கியபின் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் முழுத்தொகையும் கட்டுபவருக்குத்தான். பாக்கியை இழுத்துக்கொண்டு போகிறவருக்குப் பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதில் பணமாக எடுத்தால் இன்னும் மோசம், முதல் நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணமும் உண்டு. முதலில் இதை நிறுத்தாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

சரி, அந்த அழைப்புக்கு வருவோம். தவணை பாதியாகும் என்றார்கள், வட்டி எவ்வளவு, எத்தனை வருடம் என்று நீங்களும் எழுதவில்லை, ஒருவேளை அவர்களும் சொல்லவில்லை. அதே 1,00,000 கடனை 18 சதவீத வட்டிக்கு, அதாவது கார்டில் பாதி வட்டிக்கு, ஐந்து வருடக் கடனாக மாற்றினால் மாதத் தவணை 2,540 வரும். சொன்னபடியே பாதி. மொத்தமாகக் கட்டியிருப்பது 1,52,000 சொச்சம். கார்டிலேயே வைத்து 5,150 வீதம் 30 மாதம் கட்டினாலும் மொத்தம் 1,52,000 சொச்சம்தான்! வட்டி பாதியானதன் லாபம் முழுவதையும் கூடுதல் மாதங்கள் தின்றுவிட்டன. ஆனால் அதே 18 சதவீதக் கடனை வாங்கி, பழைய 5,150ஐயே கட்டும்படி காலத்தைச் சுருக்கினால் இரண்டு வருடத்துக்குள் முடிகிறது, மொத்தம் 1,19,000 அளவில் நின்றுவிடும். ஆகவே எடுக்கலாம், தவணையைக் குறைக்காமல் எடுக்கலாம். கையெழுத்துக்கு முன்னால் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா, செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, சொல்லும் வட்டி குறையும் அசலுக்கா அல்லது ஃபிளாட் ரேட்டா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். மூன்று வருடக் கடனுக்கு 10 சதவீத ஃபிளாட் ரேட் என்றால் உண்மையில் அது 18 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட சமம், ஏனென்றால் நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி வரை வட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்புறம், கடன் மாறி கார்டுகள் காலியானதும் ஒரு பெரிய லிமிட் கண்முன்னே திறந்து கிடக்கும். பலர் இங்கேதான் மறுபடி விழுகிறார்கள், புதுக் கடனும் பழைய கார்டும் சேர்ந்து இரட்டிப்பாகிவிடுகிறது.

மாற்றிக்கொள்ளவில்லை என்றால் வட்டி அதிகமுள்ள கார்டில் மிச்சப் பணம் முழுவதையும் போடுங்கள், மற்றவற்றுக்குக் கட்டவேண்டியதை மட்டும் கட்டுங்கள். சின்னக் கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்று சொல்பவர்கள் உண்டு, அது பொய்யும் இல்லை. போன் தவணை இரண்டு மூன்று மாதத்தில் முடியும் அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் முடித்துத் தொலையுங்கள். அதற்கு மேல் என்றால் நான் வட்டியைத்தான் பார்ப்பேன்.

டெபாசிட்டைத் தொட மனசில்லை என்பது புரிகிறது. ஆனால் 6 சதவீதம் தரும் பணத்தை வைத்துக்கொண்டு 36 சதவீதக் கடனைச் சுமப்பது, லட்சத்துக்கு வருடம் 30,000 கொடுத்து வாங்கும் மனநிம்மதி. விலை அதிகம். இரண்டு மாதச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். மொத்தத்தையும் போடவேண்டாம், நாளைக்கு ஒரு மருத்துவச் செலவு வந்தால் மறுபடி அதே கார்டைத்தான் தேய்ப்பீர்கள்.

கார்டை வெட்டுவது பற்றி: ஒன்றை முடித்து மூடிவிடலாம், இன்னொன்றின் லிமிட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். பாக்கி தீர்ந்தபின் முழுத்தொகையும் தானாகவே கணக்கிலிருந்து போகும்படி ஏற்பாடு செய்துகொண்டால் கார்டு ஒரு நல்ல வசதிதான். ஆனால் கார்டு கையில் இருக்கும்போது மனசும் தாராளமாகிவிடுகிறது. பிரெலெக், சைமஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனையில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளுக்கு ரொக்கமாகத் தரவேண்டியவர்கள் தரத் தயாராக இருந்ததைவிடக் கார்டில் தரவேண்டியவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை தர முன்வந்தார்கள். சோதனையில் கலந்துகொண்ட படித்த மாணவர்களே அப்படித்தான். தன்மேல் நம்பிக்கை இல்லை என்றால் வெட்டிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். இது அறிவுரை மாதிரி இருக்கலாம், நான் கணக்காகத்தான் சொல்கிறேன். செலவில் பாதியைத் தீர்மானிக்கும் ஒருவருக்குக் கடன் இருப்பதே தெரியாமல் நீங்கள் போடும் பட்ஜெட் எதுவும் இரண்டாவது மாதம் தாண்டாது. சொல்லும்போது நான்கு கடன்களின் பாக்கி, வட்டி, முடியும் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வருமானம் குறைந்து கட்டமுடியாத மாதம் ஒன்று வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். தவறிய பிறகு பேசுவதைவிட அப்போது அவர்கள் இறங்கி வர வாய்ப்பு அதிகம்.

நண்பருக்கு ஜாமீன் போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் கட்டவேண்டியவர் நீங்கள், அது உங்கள் ஐந்தாவது கடன். அவர் கோபித்துக்கொண்டால், இந்த நான்கையும் எழுதிய தாளையே அவரிடமும் காட்டுங்கள்.