10 ஜிபி முட்டிவிட்டதா? பர்ஸை எடுக்கும் முன்…

கேள்வி: திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். நிட்டிங், டையிங், கட்டிங் எல்லாவற்றுக்கும் ஒரே சாஃப்ட்வேரில்தான் டிசி (டெலிவரி சலான்) போடுகிறோம். திடீரென்று புது டிசி சேவ் ஆகவில்லை, பழைய பில் மட்டும் திறக்கிறது. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸின் (கணக்கைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்டு பதிப்பை வாங்கச் சொல்கிறார். கோவையில் படிக்கும் அக்கா மகன் போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸுக்கு மாறச் சொல்கிறான். தெரிந்தவர் ஒருவர் ஆரக்கிள் டேட்டாபேஸ் என்கிறார். எதை எடுக்கட்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் எடுக்க வேண்டாங்க. உங்களிடம் ஓடுவது எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸாக இருக்கும். 2022 பதிப்பு வரை அதில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டாது. முட்டிவிட்டால் படிக்க விடும், புதிதாக எழுத விடாது.

டிசியும் பில்லும் வெறும் எழுத்தும் எண்ணும்தான். அவை மட்டும் 10 ஜிபி ஆக வெகுகாலம் பிடிக்கும். இடத்தை அடைப்பது பெரும்பாலும் படங்கள்: ஸ்டைல் போட்டோ, பார்ட்டி டிசியின் ஸ்கேன். எந்த டேபிள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதற்கு எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ கருவியிலேயே ரிப்போர்ட் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். படங்களைத் தனி ஃபோல்டருக்கு மாற்றினாலே மூச்சு வந்துவிடும். அப்படியும் போதவில்லை என்றால் 2025 எக்ஸ்பிரஸில் வரம்பு 50 ஜிபி, அதுவும் இலவசம். புதுப் பதிப்பில் ஏற்றியதைப் பழையதில் திருப்பிப் போட முடியாது என்பதால் முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

ஸ்டாண்டர்டு லைசன்ஸை சர்வரின் ப்ராசஸர் கோர் எண்ணிக்கையிலும் வாங்கலாம், சர்வருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்றும் வாங்கலாம். வாங்குகிறவனுக்குப் புரியக் கூடாது என்றே எழுதினார்களோ என்னவோ! இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர் நுழைகிறார். ‘லைஃப்டைம் கீ, சில ஆயிரம்தான்’ என்பார். உள்ளே போட்டிருப்பது டெவலப்பர் பதிப்பாக இருக்கும். அது இலவசம், ஆனால் தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. அல்லது 180 நாளில் நின்றுபோகும் சோதனைப் பதிப்பாக இருக்கும். பணம் கொடுக்கும் முன் வெர்ஷன் கேட்கும் கட்டளையை உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லி, பதிப்பின் பெயரை நீங்களே படியுங்கள். ‘இதை வாங்கினால் டாலியும் வேகமாகும்’ என்று யாராவது சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். டாலி தன் கணக்கைத் தன் சொந்தக் கோப்பில்தான் வைக்கிறது.

ஆரக்கிள் உங்களுக்கு வேண்டாம்.

அக்கா மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாக சாஃப்ட்வேர் எழுதுவதென்றால் நானும் போஸ்ட்கிரெஸ்தான் சொல்வேன்: லைசன்ஸ் காசில்லை, 10 ஜிபி சுவரும் இல்லை. ஓடுகிற சாஃப்ட்வேரை மாற்றுவது வேறு கதை. கணக்கில் பாதி எஸ்க்யூஎல் சர்வருக்குள்ளேயே அதன் சொந்த மொழியில் எழுதப்பட்டிருக்கும். அதைத் திரும்ப எழுத வேண்டும். ஒரே ஒரு நிலையில் மாறலாம்: உங்கள் சாஃப்ட்வேர்க்காரரே போஸ்ட்கிரெஸ் பதிப்பு வைத்திருந்து, அது வேறொரு யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்தால். அப்போதும் நேரில் போய்ப் பாருங்கள். ஒரே மாதத்தின் வேஸ்டேஜ் ரிப்போர்ட்டை இரண்டிலும் எடுத்து கிலோ கிலோவாக ஒப்பிடுங்கள். கலர் பெயர்களைக் கட்டாயம் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமாக ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் பிரித்துவிடும். ஒருவர் ‘நேவி’யைப் பெரிய எழுத்திலும் இன்னொருவர் சின்ன எழுத்திலும் அடித்திருந்தால், ஒரே துணி இரண்டு ஸ்டாக்காக நிற்கும்.

எதில் ஓடினாலும் பேக்கப் யார் எடுக்கிறார் என்று இன்றைக்கே கேளுங்கள். எக்ஸ்பிரஸில் தானாக வேலையை ஓட்டும் ‘ஏஜென்ட்’ கிடையாது. தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் பேக்கப் நடக்காது. நடந்தாலும் அதே ஹார்ட் டிஸ்க்கின் ‘டி’ டிரைவில் கிடக்கும், டிஸ்க் போனால் இரண்டும் போச்சு. நம் காலேஜ்களில் நார்மலைசேஷனை (டேபிள்களைப் பிரித்து அமைக்கும் பாடம்) செமஸ்டர் முழுக்க நடத்துகிறார்கள், ஒரு பேக்கப்பைத் திருப்பி ஏற்றிக் காட்டச் சொல்லி யாரும் மார்க் போடுவதில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய டிசி நம்பர் திரையில் வருகிறதா என்று பாருங்கள். அப்படியே எஸ்க்யூஎல் சர்வரில் முழு அதிகாரம் உள்ள ‘எஸ்ஏ’ கணக்கின் பாஸ்வேர்டையும் சாஃப்ட்வேர்க்காரரிடம் எழுதி வாங்கி பீரோவில் வையுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அந்த ஆளின் ஏஎம்சியை (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) இந்த வருடம் புதுப்பிக்க வேண்டாம்.