கேள்வி–பதில்: ஹைட்ரஜனை எதில் அடைப்பது?

கார்களில் 700 பார் தொட்டியில் ஹைட்ரஜனை அடைத்து ஓட்டுகிறார்களே. அப்புறம் எதற்கு உலோகத்தில் சேமிக்கும் ஆராய்ச்சி?
— வாசகர், கரூர்

ஆற்றலுக்குக் குறைவில்லை: 1 கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. சிக்கல், இடம். சாதாரண அழுத்தத்தில் (சுமார் 1 பார்) அந்த 1 கிலோவுக்கு 11 கன மீட்டருக்கு மேல் வேண்டும். 700 பாருக்கு அமுக்கினாலும் லிட்டருக்குச் சுமார் 40 கிராம்தான் கொள்ளும். மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாக்கினால் 71 கிராம். ஒரு லாந்தனம் அணுவுக்கு ஐந்து நிக்கல் அணு சேர்ந்த உலோகக்கலவையோ, அறை வெப்பநிலையில், சில பார் அழுத்தத்திலேயே, திரவத்தில் இருப்பதைவிட நெருக்கமாக ஹைட்ரஜனை அடக்கிக்கொள்கிறது. ஆனால் எடையில் 1.4 சதவீதம்தான். 5 கிலோ ஹைட்ரஜனுக்கு 350 கிலோ கலவையைச் சுமக்க வேண்டும், காருக்கு ஒத்துவராது. எடை ஒரு பொருட்டாக இல்லாத இடத்தில் நன்றாகவே உழைக்கிறது: ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் ஹைட்ரஜனை உலோக ஹைட்ரைடாகத்தான் (உலோகத்தோடு ஹைட்ரஜன் சேர்ந்த சேர்மம்) வைத்திருக்கின்றன.

மெக்னீசியம் 7.6 சதவீதம் பிடிக்கும் என்று படித்தேன். மலிவான உலோகம். அதையே வைத்துக்கொள்ளக் கூடாதா?
— வாசகி, தூத்துக்குடி

பிடிப்பதில் குறையில்லை, விடுவதில்தான் தகராறு. மெக்னீசியம் ஹைட்ரைடிலிருந்து ஒரு மோல் ஹைட்ரஜனைப் பிரிக்கச் சுமார் 75 கிலோஜூல் வெப்பம் தர வேண்டும். 1 கிலோ என்பது ஏறக்குறைய 500 மோல். ஆக, 10 யூனிட்டுக்கு மேல். கிடைக்கும் 33 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு தொட்டியைச் சூடாக்கவே போய்விடும், அதுவும் 300 டிகிரியை ஒட்டிய சூட்டில். லாந்தனம்–நிக்கலுக்கு 31 கிலோஜூல் போதும். ஆனால் நிரப்பும்போது அதே வெப்பம் வெளியே வருமே! 5 கிலோவை 5 நிமிடத்தில் நிரப்பினால் 250 கிலோவாட் வெப்பத்தை அகற்றியாக வேண்டும்.

மறுகோடியில் எம்.ஓ.எஃப் எனப்படும், நுண்துளைகள் நிறைந்த உலோக–கரிமச் சட்டகங்கள் (2025 வேதியியல் நோபல் இவற்றுக்குத்தான்). இவற்றின் துளைச் சுவரில் ஹைட்ரஜன் பெரும்பாலும் மோலுக்கு 4 முதல் 7 கிலோஜூல் வலுவில்தான் ஒட்டுகிறது. திரவ நைட்ரஜன் குளிரில் நிறையப் பிடிக்கும். அறைச் சூட்டுக்கு வந்தால் கழன்றுவிடும். நமக்கு வேண்டியது 15 முதல் 25 வரை. 1984-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கூபாஸ் குழுவினர், டங்ஸ்டன் அணு ஒன்று ஹைட்ரஜன் மூலக்கூற்றை உடைக்காமலே பக்கவாட்டில் பிடித்திருப்பதைக் காட்டினார்கள். சட்டகங்களில் உலோக அணுக்களைத் திறந்தபடி விட்டு, அந்த மாதிரியான நடுத்தரப் பிடியைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் நம்பிக்கை தரும் வழி இதுதான்.

100 மில்லிகிராம் கார்பன் மாதிரி, 100 மில்லிலிட்டர் கலன். அறை வெப்பநிலையில், 100 பாரில், அழுத்தம் இறங்கியதை வைத்து 3 சதவீதம் உறிஞ்சியதாகக் கணக்கு வந்தது. நெறியாளர் நம்ப மறுக்கிறார். எங்கே தவறு?
— ஆய்வு மாணவர், கோவை

நெறியாளர் பக்கம்தான் நியாயம். உங்கள் கலனில் சுமார் 0.38 மோல் ஹைட்ரஜன் இருக்கிறது. கலன் 1 டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் 0.34 சதவீதம் இறங்கும். அந்த இறக்கம் 1.3 மில்லிமோல், அதாவது 2.6 மில்லிகிராம். 100 மில்லிகிராம் மாதிரிக்கு அது 2.6 சதவீதமாகத் தெரியும்! அறையில் ஏசி ஓடினாலே போதும்.

மாதிரியை 1 கிராமுக்குக் குறையாமல் எடுங்கள். கலனை 10 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருக்கி, 0.1 டிகிரிக்குள் நிற்கும் நீர்த்தொட்டியில் வையுங்கள். மாதிரியை வெற்றிடத்தில் சூடாக்கி ஈரத்தை ஓட்டிய பிறகே எடை போடுங்கள். கார்பன் லேசானது, அது அடைக்கும் கன அளவை ஹீலியத்தால் அளக்கும்போது வரும் சிறு பிழையும் 100 பாரில் பெரிதாகும். இலட்சிய வாயுச் சமன்பாட்டை (PV = nRT) அப்படியே போட்டிருந்தால் இந்த அழுத்தத்தில் 6 சதவீதம் பிசகும். பிறகு, மாதிரிக்குப் பதில் அதே கன அளவுக்கு எஃகு குண்டுகளைப் போட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். குண்டுகளும் ஹைட்ரஜனை 'உறிஞ்சினால்' கோளாறு கருவியில்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே போனது வெளியே வருகிறதா என்று பார்ப்பது. கசிந்து போன ஹைட்ரஜன் திரும்பி வராது. 1998-ல் கிராஃபைட் நானோ இழைகள் 67 சதவீதம் வரை பிடிப்பதாக அறிக்கை வந்தது. பிறர் செய்து பார்த்தபோது அது கிடைக்கவே இல்லை. நல்ல செயலூட்டிய கார்பனே உங்கள் நிலைமையில் 1 சதவீதத்தைத் தாண்டுவது அரிது.

அமோனியா போரேனில் 19.6 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தும் ஏன் புழக்கத்துக்கு வரவில்லை? அது திண்மமாக இருப்பது எப்படி?
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

அமோனியா போரேன் என்பது நைட்ரஜனும் போரானும் தலா மூன்று ஹைட்ரஜனோடு இணைந்த மூலக்கூறு. ஈத்தேனுக்கும் இதற்கும் எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே, 18. ஆனால் ஈத்தேன் மைனஸ் 183 டிகிரியில் உருகிவிடும். இது 100 டிகிரி தாண்டித்தான் உருகும். நைட்ரஜன் மேலுள்ள ஹைட்ரஜனில் சற்று நேர்மின்னும், போரான் மேலுள்ளதில் சற்று எதிர்மின்னும் இருப்பதால், அண்டை மூலக்கூறுகளின் இந்த இரண்டும் 2.0 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம், மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரை நெருங்குகின்றன. சாதாரணமாக இரண்டு ஹைட்ரஜன்கள் 2.4-க்குள் வருவதில்லை. இதற்கு இரு-ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். திண்மமாக நிற்க இதுவும் கைகொடுக்கிறது. சூடாக்கினால் ஹைட்ரஜன் எளிதில் கழல்வதற்கும் இந்த ஜோடி அமைப்பே துணை.

கழலும்போது தூள் நுரைத்துப் பொங்கும். போரசீன் என்ற போரான்–நைட்ரஜன் சேர்மமும் அமோனியாவும் கூடவே வந்து, ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தின் வினையூக்கியைக் கெடுக்கும். வெப்பத்தை வெளிவிட்டபடி நடக்கும் வினை என்பதால், தீர்ந்த தூளில் மறுபடி ஹைட்ரஜனை அழுத்தி ஏற்ற முடியாது. அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பி வேதிமுறையில்தான் மீட்க வேண்டும். வழிமறிப்பது அந்தச் செலவுதான்.