அக்கவுண்டன்ட் வைக்கப் போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: வேலைக்கு வந்த மூன்று பேருமே டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) தெரியும் என்கிறார்கள். யாருக்கு உண்மையாகத் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சார்?

பதில்: சான்றிதழ் பார்த்துத் தெரியாது. ஒரு மணி நேரம் வேலை கொடுத்துப் பாருங்கள். பழைய மாதம் ஒன்றின் பேங்க் ஸ்டேட்மென்ட், அதே மாதத்துக் கொள்முதல் பில் ஒரு முப்பது. டாலியில் தனியாக ஒரு கம்பெனி உருவாக்கி அதில் பதியச் சொல்லுங்கள். பில்களுக்கு நடுவே வெளிமாநில பில் ஒன்றும், உங்கள் ஜிஎஸ்டி எண் தப்பாக அடித்த பில் ஒன்றும் இருக்கட்டும். ஸ்டேட்மென்ட்டில் திரும்பி வந்த செக் ஒன்றும், கடைக் கணக்கிலிருந்து கட்டிய பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் இருக்கட்டும்.

செக் வரியிலேயே ஆள் தெரிந்துவிடும். 40,000 ரூபாய் செக் 6ஆம் தேதி வரவாகி, 8ஆம் தேதி திரும்பிவிட்டது என்று வையுங்கள். தெரியாதவர் முதலில் போட்ட ரசீதையே அழித்துவிடுவார். பாக்கித் தொகை சரியாகத்தான் காட்டும். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் இரண்டு வரிகள் உங்கள் புத்தகத்தில் இருக்காது. ரீகன்சிலியேஷன் செய்யும்போது, அதாவது புத்தகத்தையும் ஸ்டேட்மென்ட்டையும் வரிக்கு வரி ஒப்பிடும்போது, அவை ஜோடியில்லாமல் நிற்கும், செக் திரும்பியதற்குத் தடயமே இருக்காது. தெரிந்தவர் ரசீதைத் தொட மாட்டார். 8ஆம் தேதியில் பேமென்ட் வவுச்சர் போட்டு, 40,000-ஐ வாடிக்கையாளர் பேரில் மறுபடி பற்று எழுதுவார். பேங்க் சேவைக் கட்டணமாக 118 ரூபாய் பிடித்திருந்தால் 100 கட்டணம், 18 ஜிஎஸ்டி என்று பிரிப்பார். ஸ்கூல் ஃபீஸை செலவில் சேர்க்காமல் டிராயிங்ஸில் (முதலாளி சொந்தத்துக்கு எடுத்த கணக்கில்) போடுவார்.

கடைசியில் சஸ்பென்ஸ் லெட்ஜரைத் திறந்து பாருங்கள். புரியாததையெல்லாம் அதில் தள்ளிவிட்டு எழுந்தவர் வேண்டாம். "இது என்ன வரவு சார்?" என்று நடுவில் நாலு தடவை எழுந்து வந்து கேட்டவரை எடுங்கள்.

மதுரை, ஸ்டேஷனரி கடை: பி.காம் போதுமா, ஆடிட்டரே வேண்டுமா?

பதில்: புத்தகம் எழுத எந்த லைசென்ஸும் தேவையில்லை. வருமான வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடத்தான் சிஏ வேண்டும். தினசரி எழுதுவதற்கு பி.காம் தாராளம்.

திருப்பூர், பவர்டேபிள் (தையல்) யூனிட்: வாரம் ஒரு நாள் வருபவர் போதுமா?

பதில்: மாதத்துக்கு எத்தனை விற்பனை பில், எத்தனை கொள்முதல் பில், பேங்க்கில் எத்தனை வரி என்று எண்ணுங்கள். அதைச் சொல்லித்தான் சம்பளமும் பேச வேண்டும். ஆனால் எத்தனை நாள் வருகிறார் என்பதைவிட எந்தத் தேதியில் வருகிறார் என்பது முக்கியம். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பவரென்றால் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரம் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, வரி கட்டும் ரிட்டர்னான 3பி 20. நடுவே 14ஆம் தேதி 2பி, அதாவது சப்ளையர்கள் உங்கள் பேரில் ஏற்றிய பில்களின் பட்டியல், வருகிறது. நூல்காரர் தன் பில்லை ஏற்றவில்லை என்றால் அது 2பி-யில் இருக்காது, அந்த மாதம் உங்களுக்கு வரி வரவு (கொள்முதலில் கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட்) கிடையாது. 14, 15 தேதிகளில் ஒப்பிட்டால் அவருக்குப் போன் போட்டு, இந்த மாதக் கிரெடிட் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு பணத்தைத் தயார் செய்யலாம். 19ஆம் தேதி சாயங்காலம் வருபவரால் ஒன்றும் செய்ய முடியாது. 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி.

ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் மொபைல் எண்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கரூர், ஜவுளி: அதேதான் சார் சிக்கல். பழைய அக்கவுண்டன்ட் தன் நம்பரையும் மெயிலையும் கொடுத்திருக்கிறார். போனையும் எடுப்பதில்லை.

பதில்: பாஸ்வேர்ட் கையில் இருந்தால் உள்ளே போய், நான்-கோர் (அடிப்படை அல்லாத விவரங்களுக்கான) திருத்தத்தில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் விவரத்தில் உங்கள் எண்ணையும் மெயிலையும் கொடுங்கள். பாஸ்வேர்டும் இல்லையென்றால் அடையாளச் சான்று, ஜிஎஸ்டி பதிவு ஆவணங்களோடு உங்கள் சரக அதிகாரியிடம் போங்கள். அவர் புது எண்ணையும் மெயிலையும் மாற்றித் தருவார். டிஎஸ்சி டோக்கனும் (டிஜிட்டல் கையெழுத்து உள்ள பென் டிரைவ் போன்றது) பழைய அக்கவுண்டன்ட்டிடம் இருந்தால் அதையும் வாங்கிவிடுங்கள்.

சேலம், அக்கவுண்டன்ட்: முதலாளி பக்கமே பேசுகிறீர்கள். நாலு மாதச் சம்பளம் பாக்கி வைத்தவருக்கு நான் ஏன் டேட்டா கொடுக்க வேண்டும்?

பதில்: பாக்கி வைத்தது தப்பு, சந்தேகமே இல்லை. டேட்டா அவருடையது, அதிலும் சந்தேகமில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் புத்தகங்களைப் பாதுகாக்க வேண்டியது அவர் பொறுப்பு. நோட்டீஸ் அவருக்குத்தான் வரும்.

திண்டுக்கல், ஹார்டுவேர்: எங்களிடம் இருந்தவர் டாலிவால்ட் (டாலி டேட்டாவையே பூட்டும் வசதி) பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இவரும் அதையே நியாயப்படுத்துகிறார்!

சேலம், அக்கவுண்டன்ட்: பூட்டச் சொல்லவில்லை. வேறு எதை வைத்துக் கேட்பது என்கிறேன்.

பதில்: சேலத்துக்காரர் கேள்வி நியாயமானது, வழிதான் தவறு. வால்ட் பாஸ்வேர்ட் தொலைந்தால் டாலி கம்பெனியாலும் மீட்க முடியாது. ஒரு மாதச் சம்பளம் நின்றதும் மெயிலில் தெரிவித்து, அடுத்த மாத வேலையை நிறுத்துங்கள். நாலு மாதம் சேரவிடக் கூடாது. சேரும்போது ஒரு பக்கக் கடிதம் இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்: என்னென்ன வேலை, சம்பளத் தேதி, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, விலகும்போது ஒப்படைக்க வேண்டியவை.

சேலம், அக்கவுண்டன்ட்: கடிதம் கேட்டால் வேறு ஆள் பார்க்கிறார்கள்.

பதில்: அந்த இடத்தில் சேராதீர்கள். உழைப்புக்குக் கூலி கொடுக்க மனமில்லாதவர் அங்கேயே தெரிந்துவிடுகிறார். கடை வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், அந்தக் கடிதம் உங்களுக்கும் காப்பு. திண்டுக்கல்காரர் பழைய பேக்கப், பென் டிரைவ், ஆடிட்டருக்கு அனுப்பிய கோப்புகளை முதலில் தேடுங்கள். மற்றவர்கள் வாரம் ஒரு பேக்கப் எடுத்து, அதை உங்கள் கம்ப்யூட்டரில் ரெஸ்டோர் செய்து திறந்தும் பாருங்கள்.

தஞ்சாவூர், மளிகை: டாலி தெரிந்தால் போதுமா சார்?

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விருதுநகர், பருப்பு மில்: வருமான வரியைக் குறைக்க வழி?

பதில்: ஆடிட்டரிடம் கேளுங்கள்.

நாகர்கோவில், பேக்கரி: ஓடிபி அக்கவுண்டன்ட் போனுக்கே போகட்டும், தொந்தரவில்லை என்று விட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். கரூருக்குச் சொன்னதுதான். மாற்றுங்கள்.

ஓசூர், லேத் பட்டறை: சொந்தக்காரப் பையன்தான் கணக்கு பார்க்கிறான். நெட் பேங்கிங்கும் அவனிடமே கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பில் பதிபவரும் பணம் அனுப்புபவரும் ஒரே ஆளாக இருந்தால், இல்லாத சப்ளையருக்குப் பணம் போனாலும் புத்தகம் சரியாகவே காட்டும். கரண்ட் அக்கவுண்ட்டில் அவர் தயார் செய்ய, நீங்கள் ஒப்புதல் கொடுக்கும்படி இரண்டு யூசர் வாங்குங்கள். சப்ளையர் பேங்க் விவரம் மாறியதாக வாட்ஸ்அப் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கேட்ட பிறகுதான் ஒப்புதல்.