கிட்னியில் ஊசி குத்தினால் கெட்டுவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது, பேக்கரியில் மாஸ்டர். இரண்டு மாதமாகக் கால் வீக்கம், சிறுநீரில் நுரை. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 4.6 கிராம், ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 1.5. சர்க்கரை இரண்டு வருடமாக இருக்கிறது. கிட்னி டாக்டர் பயாப்சி (ஊசியால் கிட்னியில் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்யச் சொல்கிறார். "கிட்னியைக் குத்தினால் அதோடு போச்சு, அப்புறம் டயாலிசிஸ்தான்" என்று மாமியார் தடுக்கிறார். தெரிந்தவர் ஒருவர் பயாப்சி இல்லாமலே சரியாக்கும் பொடி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: போகாது. ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. பயாப்சி ஊசியில் வருவது சேமியா இழை போன்ற ஒன்றரை சென்டிமீட்டர் துணுக்கு. வழக்கமாக இரண்டு எடுப்பார்கள். இரண்டிலும் சேர்த்து 10, 20 வடிகட்டிகள் வரும். அதனால் கிட்னியின் வேலை குறைந்துவிடாது. பயாப்சி செய்தவர்களில் சிலர் பிற்பாடு டயாலிசிஸுக்குப் போவது உண்மைதான். அவர்களைக் கொண்டுபோனது உள்ளே இருந்த நோய். அதிலும் பலர், ஊரில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் வந்தவர்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது, பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கிய விவகாரம் 2025இல் வெளிவந்த பிறகு, ஒப்புதல் படிவத்தை நீட்டினாலே "கிட்னியை எடுத்துவிடுவார்களா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் பயாப்சியில் தையல் போடும் அளவுக்குக்கூட வெட்டு கிடையாது. குப்புறப் படுக்கவைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். ஆள் விழித்தே இருப்பார். ஊசி இயங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்குத்தான் நிறையப் பேர் துள்ளுகிறார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்ன நேரத்தில் சில நொடி மூச்சை அடக்கவேண்டும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கணவருக்கு இது தேவையா? "சர்க்கரைதான் இருக்கிறதே, அதனால் வந்தது என்று மருந்து கொடுத்தால் போதாதா?" என்று உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கண் விழித்திரையிலும் சர்க்கரையின் பாதிப்பு தெரிகிறது, புரதம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியது என்றால் பெரும்பாலும் பயாப்சி வேண்டாம். சர்க்கரைதான் காரணம் என்று வைத்தே வைத்தியம் செய்யலாம். அப்படிப்பட்டவரையும் பயாப்சிக்கு அனுப்பினால், ஏன் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கணவர் கதை வேறு. சர்க்கரை வந்து இரண்டு வருடம்தான், வீக்கமோ இரண்டே மாதத்தில் வந்திருக்கிறது. கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டினீர்களா என்று எழுதவில்லை. காட்டிவிடுங்கள். அங்கே பாதிப்பு இல்லையென்றால் வேறு நோய் என்ற சந்தேகம் இன்னும் பலப்படும். இவ்வளவு புரதம் கசிய வைக்கும் நோய்கள் பல. ஒன்றுக்கு ஸ்டீராய்டு, ஒன்றுக்கு அதைவிடக் கடுமையான மருந்து, ஒன்றுக்கு இரண்டுமே வேண்டாம். சர்க்கரைக்காரருக்கு ஊகத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பொடியைத் தொடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், பொட்டலத்தையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். கேரளத்தில் கோட்டக்கல் பகுதியில் 2023 வாக்கில் இப்படிப் புரதம் கசிந்து வந்தவர்களில் பலர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. காரணம் க்ரீமில் இருந்த பாதரசம். பாதரசம் கலந்த நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடமும் இதே வகைப் பாதிப்பைப் பார்த்திருக்கிறார்கள். அதை நிறுத்தியதும் பலருக்குக் கசிவு தானாகவே குறைந்தது. இந்த வகை நோய் என்று காட்டிக்கொடுத்தது எது? பயாப்சிதான். பொடி விற்பவர் ஏன் பயாப்சி வேண்டாம் என்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குக் கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீர் சிவக்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். நூற்றில் ஒருவருக்கு ரத்தம் ஏற்றவேண்டி வரலாம். கிட்னியையே எடுக்கும் நிலை ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு. இதைக் குறைக்கத்தான் பிரஷரை 140/90க்குக் கீழே கொண்டுவந்து, ரத்தம் உறையும் பரிசோதனைகளும் பார்த்த பிறகு ஊசி போடுகிறார்கள். நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவர், முதுகுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவானாலும் இன்றே நிறுத்துங்கள், கிட்னிக்கும் அது ஆகாது. ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைப் பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்துவார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் மட்டும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். துணுக்கு எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஒரு பகுதி, சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போகவேண்டும். இன்னொரு பகுதி ஃபார்மலின் படாமல், அதற்கென்று உள்ள வேறு திரவத்தில், தனிப் பாட்டிலில் போகவேண்டும். அதை ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் பாதி நோய்களுக்குப் பெயர் தெரியும். நடப்பது என்ன? இரண்டு பாட்டிலையும் பாலித்தீன் கவரில் போட்டு உறவினர் கையில் கொடுத்து "லேபில் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். வாசலில் நிற்கும் ஏஜென்ட், "நான் பார்த்துக்கொள்கிறேன், கம்மியாக முடித்துத் தருகிறேன்" என்று வாங்கிப்போகிறார். ஒரு நோயாளிக்கு, செலவு மிச்சம் என்று இரண்டையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுக் கொண்டுபோனார் ஒரு புண்ணியவான். முக்கியமான பரிசோதனை செய்ய முடியாமல் அந்த நோயாளி மறுபடி முதுகைக் காட்டவேண்டி வந்தது. ஆகவே எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: இரண்டு பாட்டிலா, எந்த லேபுக்குப் போகிறது, யார் கொண்டுபோகிறார்கள், ரசீது யார் பெயரில்? ரிப்போர்ட் வந்ததும் எத்தனை வடிகட்டிகள் கிடைத்தன என்ற வரியைப் பாருங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் அதை வைத்து எவ்வளவு நிச்சயமாகச் சொல்லமுடியும் என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் டயாலிசிஸ் மெஷினுக்கு ரிப்பன் வெட்டுகிறோம். அந்த மெஷின் தேவைப்படாமல் செய்யக்கூடிய இந்த ரிப்போர்ட்டைப் படிக்க ஆள் போடுவதற்கு மட்டும் யாருக்கும் அவசரமில்லை.

உங்களுக்குப் பக்கத்தில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. தனியாரில் செய்வதானால் "காலையில் வந்தால் சாயங்காலம் வீடு" என்ற பேக்கேஜில் விழாதீர்கள். பெரிய ரத்தக்கசிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 8 மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. அந்த நேரம் அவர் தேனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு ராத்திரி தங்குங்கள். மல்லாக்கப் படுத்திருக்கட்டும். சிறுநீரைத் தனித்தனி டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வரிசையாக வையுங்கள். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தால் நல்லது. கருஞ்சிவப்பாக ஏறினாலோ, கட்டி கட்டியாக வந்து சிறுநீர் அடைத்தாலோ, விலாவில் வலி கூடி மயக்கம் வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு இவற்றில் எது நடந்தாலும் நேரே மருத்துவமனைதான். இரண்டு வாரம் மைதா மூட்டை தூக்குவது, குழி ரோட்டில் பைக் ஓட்டுவது இரண்டும் வேண்டாம். முதலாளியிடம் இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.